சட்டம் பாஸ் ஆயிருச்சு, ஆனா அமலுக்கு வந்துச்சா? கல்விச் சட்டங்கள் பத்திக் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில வக்கீலா இருக்கேன், பெரும்பாலும் ஸ்கூல் சம்பந்தமான கேஸ்தான் எடுக்குறேன். போன வாரம் ஒரு பதிவுல "சட்டம் போட்டும் ஏன் வருஷக்கணக்கா நடைமுறைக்கு வரல"ன்னு பெரிய வாக்குவாதம் ஓடுச்சுல்ல, அதுக்கு நிதானமா பதில் சொல்லணும்னு தோணுச்சு. இன்னைக்கு சாயங்காலம் முழுக்க இங்கதான் இருப்பேன், கேளுங்க.

கேள்வி (திருச்சி வாசகர்): மேடம், ஜனாதிபதி கையெழுத்து போட்டா அன்னைக்கே சட்டம் அமலுக்கு வந்துருமா?

சில சமயம் ஆமா, பல சமயம் இல்லைங்க சார். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதல் பிரிவைப் படிங்க. பேர் இருக்கும், எந்த எல்லைக்குள்ள செல்லும்னு இருக்கும், அதுக்கடுத்து எப்ப அமலுக்கு வரும்னு இருக்கும். மத்திய சட்டத்துல தேதி பத்தி ஒண்ணுமே சொல்லலன்னா ஒப்புதல் கிடைச்ச நாள்லயே அமல். ஆனா "அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியிலிருந்து"ன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா, அந்த அறிவிப்பு கெஜட்ல வர்ற வரைக்கும் அந்தச் சட்டம் புத்தகத்துல மட்டும்தான் இருக்கும், அதைக் காட்டி நீங்க எந்த ஸ்கூல் வாசல்லயும் உரிமை கேக்க முடியாது. அந்தத் தேதியைப் போடுற அதிகாரம் சட்டமன்றத்துகிட்டயோ நாடாளுமன்றத்துகிட்டயோ இல்ல, அரசாங்கத்துகிட்ட இருக்கு. பிரச்சினை எல்லாம் ஆரம்பிக்கிறது இந்த இடத்துலதான்.

கேள்வி (சேலம், பி.எட் மாணவி): அக்கா, கட்டாயக் கல்விச் சட்டம் 2009னு படிச்சிருக்கோம். ஆனா 2010ல அமலுக்கு வந்துச்சுன்னும் சொல்றாங்க. எது சரி?

ரெண்டுமே சரிதான்மா. 2009 ஆகஸ்ட்ல ஒப்புதல் கிடைச்சுது, 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல். ஆனா இந்த ஏழு மாசத்தைப் பாத்துட்டு நின்னுடாத, இதுக்குப் பின்னாடி ரொம்பப் பெரிய தாமதம் ஒண்ணு இருக்கு.

அரசியலமைப்போட 45வது பிரிவு, பத்து வருஷத்துக்குள்ள 14 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி குடுக்க அரசு முயற்சி பண்ணணும்னு 1950லயே சொல்லுச்சு. அது வழிகாட்டு நெறிதான், கோர்ட்டுக்குப் போய்க் கேக்க முடியாது. 1993ல உன்னிகிருஷ்ணன் வழக்குல சுப்ரீம் கோர்ட், 14 வயசு வரைக்கும் கல்வி அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதுக்கப்புறம் அரசியலமைப்புல 86வது திருத்தம் கொண்டு வந்து, கல்வியை அடிப்படை உரிமையா ஆக்குற 21ஏன்னு புதுப் பிரிவு சேத்தாங்க, ஒப்புதல் கிடைச்சது 2002 டிசம்பர் 12. ஆனா அந்தத் திருத்தத்துலயும் அதே வரி, அரசு அறிவிக்கிற தேதியில அமல்! அந்தத் தேதியை எப்ப போட்டாங்க தெரியுமா, அதே 2010 ஏப்ரல் 1. ஏழு வருஷத்துக்கு மேல அரசியலமைப்புத் திருத்தமே தூங்குச்சு.

கணக்குப் போட்டுப் பாரு. 21ஏ சொல்றது 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும். 2002 டிசம்பர்ல 6 வயசு ஆன பிள்ளைக்கு 2010 ஏப்ரல்ல 13 வயசு. அன்னைக்கு 7 வயசைத் தாண்டியிருந்த பிள்ளைங்கள்ல ரொம்பப் பேருக்கு உரிமை கையில வர்றப்போ வயசே தாண்டிருச்சு. வேற எந்தச் சட்டம் லேட்டானாலும் பின்னாடி வாங்கிக்கலாம், பிள்ளையோட ஆறு வயசைத் திரும்ப எப்படிம்மா வாங்குறது?

கேள்வி (கோவை): வேணும்னேதான் இழுத்தடிக்கிறாங்களா?

எல்லா நேரமும் அப்படின்னு சொல்ல மாட்டேன். 86வது திருத்தத்துல முக்கியமான சிக்கல் பணம். செலவுல மத்திய அரசு எவ்வளவு, மாநிலம் எவ்வளவுன்னு முடிவாகல, நடுவுல கட்டாயக் கல்வி மசோதாவோட வடிவம் பல தடவ மாறுச்சு. இன்னொரு காரணம் விதிகள். சட்டம் எலும்புக்கூடு மாதிரி, எந்த அதிகாரிகிட்ட மனு குடுக்கணும், எந்தப் படிவம், எத்தனை நாள்ங்கிறதெல்லாம் விதியிலதான் வரும். சட்டம் அமலுக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள விதி போடணும்னு நாடாளுமன்ற நடைமுறை இருக்கு, ஆனா தவறினா யாருக்கும் தண்டனை கிடையாது. தமிழ்நாட்டுல கட்டாயக் கல்விக்கான விதிகள் 2011 நவம்பர்லதான் வந்துச்சு.

நம்ம ஊர்லயே இன்னொண்ணு பாருங்க, தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1973ல இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலா 2018ல சட்டமன்றத்துல நிறைவேத்துனாங்க, விதிகளோட சேந்து அமலுக்கு வந்தது 2023ல. அந்த நடுவுல என்கிட்ட வந்த பெத்தவங்க "புதுச் சட்டத்துல இப்படி இருக்கே"ன்னு பேப்பர் கட்டிங்கோட வருவாங்க, அதை அவங்களுக்கு விளக்கிச் சொல்றதுக்குள்ள எனக்கே மனசு கஷ்டமா போயிரும்.

கேள்வி (நெல்லை): கோர்ட்டுக்குப் போய் "தேதியைப் போடு"ன்னு உத்தரவு வாங்க முடியாதா?

நேரடியா முடியாது. ஏ.கே.ராய் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைப் பேசியிருக்கு, அது கல்வி வழக்கு இல்ல, தடுப்புக் காவல் பத்தின 44வது திருத்தம். தேதி போடுன்னு அரசை நாங்க கட்டாயப்படுத்த முடியாதுன்னுட்டாங்க, அந்தத் திருத்தத்தோட 3வது பிரிவு இன்னைக்கு வரைக்கும் அமலுக்கு வரல. 1988ல வேற ஒரு வழக்குல கொஞ்சம் கதவு திறந்துச்சு, வக்கீல்கள் சட்டம் 1961 இருக்குல்ல அதோட 30வது பிரிவு அப்பவும் அமலுக்கு வரல, ஆறு மாசத்துக்குள்ள அமல்படுத்தலாமான்னு பரிசீலிங்கன்னு உத்தரவு போட்டாங்க. அமலானது 2011ல. அதனால பரிசீலிக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

கேள்வி (விழுப்புரம்): 2011ல நான் பத்தாவது. ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டு மாசம் புத்தகமே இல்ல. அதுவும் இந்தக் கதைதானா?

தம்பி, அது இதைவிட மோசம், அமலுக்கு வந்த சட்டத்தையே நிறுத்திப் பாத்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பொதுப் பாடத்திட்டம்னு சொன்ன சமச்சீர் கல்விச் சட்டம் 2010ல வந்துச்சு, அந்த வருஷமே 1, 6 வகுப்புகளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க, மத்த வகுப்புகளுக்கு 2011-12ல இருந்து. மே மாசம் ஆட்சி மாறுச்சு, ஜூன்ல சட்டத்திருத்தம் கொண்டு வந்து தள்ளி வச்சாங்க. ஜூலை 18ல சென்னை ஹைகோர்ட் அந்தத் திருத்தம் செல்லாதுன்னுச்சு, அரசு அப்பீல் போச்சு, ஆகஸ்ட் 9ல சுப்ரீம் கோர்ட் பத்து நாளைக்குள்ள அமல்படுத்தணும்னு முடிச்சு வச்சுது. பாடத்திட்டத்துல குறை இருந்தா திருத்தியிருக்கலாம், தப்பில்ல, ஆனா அதுக்காக பொதுத்தேர்வு எழுதப்போற உங்க செட்டை புத்தகம் இல்லாம உக்கார வச்சதை நான் எந்தக் காலத்துலயும் ஏத்துக்க மாட்டேன்.

கேள்வி (சென்னை): கவர்னர்கிட்ட மாட்டிக்கிட்ட பல்கலைக்கழக மசோதாக்களும் இதே வகையா?

இல்லைங்க, அது ஒரு படி முன்னாடியே நிக்குறது. ஒப்புதலே கிடைக்கலன்னா அது சட்டமே இல்ல, மசோதாதான். 2025 ஏப்ரல் 8ல சுப்ரீம் கோர்ட் பத்து மசோதாவுக்கு ஒப்புதல் கிடைச்சதாவே கருதணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அதே வருஷம் நவம்பர்ல ஜனாதிபதி கேட்ட கேள்விக்கு அஞ்சு நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கருத முடியாது, காலக்கெடுவும் கோர்ட் வைக்க முடியாதுன்னு கருத்து சொல்லிருச்சு. இதை தனியா ஒரு நாள் பேசலாம்.

கேள்வி (தேனி, ஒரு அம்மா): கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகள்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துக்குக் காத்திருந்தேன் அக்கா, 2025ல விண்ணப்பமே திறக்கல. பணம் கட்டி எல்கேஜி சேத்துட்டேன். சட்டம்தான் அமல்ல இருக்கே?

இருக்கும்மா, உங்க கோபம் முழுக்க நியாயம். மத்திய அரசு சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தோட நிதியை விடுவிக்கல, அதனால மாநிலம் சேர்க்கையை ஆரம்பிக்கல. ஜூன்ல ஹைகோர்ட், இந்த நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோட முடிச்சுப் போடக் கூடாதுன்னு சொல்லுச்சு. பணம் வந்து சேர்க்கை நடந்தப்போ அக்டோபர் ஆயிருச்சு, அதுவும் ஏற்கனவே அந்தந்த ஸ்கூல்ல சேர்ந்திருந்த பிள்ளைங்களுக்குள்ள. பீஸ் கட்ட வழியில்லாம ஜூன்லயே ஒதுங்கிப் போன வீட்டுப் பிள்ளைங்க அந்த லிஸ்ட்லயே வரல, என் மனசை அறுக்குறது அதுதான். உங்க பிள்ளை அந்த ஒதுக்கீட்டுல தேர்வாகியிருந்தா கட்டுன பீஸைத் திருப்பிக் கேளுங்க, ரசீது பத்திரமா வச்சிருக்கீங்களா?

அதே அம்மா: ரசீது இருக்கு அக்கா. ஸ்கூல்ல வாய்லயே "அப்புறம் பாக்கலாம்"ங்கிறாங்க.

வாய்ப்பேச்சு வேணாம். எழுத்துல மனு குடுங்க, ஒரு நகல்ல சீல் போட்டு வாங்கிக்கங்க, இன்னொரு நகலை மாவட்டத் தனியார் பள்ளிகள் கல்வி அலுவலர் ஆபீஸுக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. அதோட ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவும் போடுங்க, பத்து ரூபாதான், முப்பது நாள்ல பதில் சொல்லணும். "இந்தப் பள்ளிக்கு இந்த வருஷம் இந்த ஒதுக்கீட்டுல எத்தனை பிள்ளைங்களுக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது, எந்தத் தேதியில"ன்னு மட்டும் கேளுங்க, ஏன் எதுக்குன்னு விளக்கம் கேக்காதீங்க, ஆவணத்துல இருக்கிற தகவலை மட்டும் கேளுங்க. பதில் வந்ததும் இங்க எனக்கு எழுதுங்க, அடுத்த மனுவை நானே எழுதித் தர்றேன்.