பட்ட அடியை மேடையில் சொல்வது: ஸ்டாண்ட்-அப் கேள்வி பதில்

கேள்வி: ஸ்டாண்ட்-அப்பில், அதாவது தனியாக மேடையில் நின்று பேசும் நகைச்சுவையில், சின்ன வயதுக் கொடுமைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பவர்களில் யாரை முதலில் பார்க்கலாம்?

ரிச்சர்ட் பிரையர், சந்தேகமே வேண்டாம். 1940இல் அமெரிக்காவின் பியோரியாவில் பிறந்தவர், அங்கே விபசார விடுதி நடத்திய பாட்டிதான் அவரை வளர்த்தார். ஆரம்பத்தில் அன்றைய பிரபல நகைச்சுவையாளர் பில் காஸ்பி பாணியில் யாரையும் உறுத்தாத நகைச்சுவை செய்துகொண்டிருந்தவர், 1967இல் லாஸ் வேகாஸில் நிகழ்ச்சி நடுவிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டார். அந்த வீடும் அந்தத் தெரு மனிதர்களும் அவர் பேச்சுக்குள் வந்தது அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: குழந்தை அடி வாங்கியதைக் கேட்டுச் சிரிப்பது கொடூரம் இல்லையா?

அடிக்கு யாரும் சிரிப்பதில்லை. 1979இல் வெளிவந்த பிரையரின் மேடைப் படத்தைப் பாருங்கள். பாட்டி அடிப்பதற்கான குச்சியை அவரே போய் ஒடித்து வர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு நடந்து வரும்போது அது காற்றில் எழுப்பும் சத்தத்துக்கே பயந்து நடுங்கும் பையனாக மாறிவிடுவார். அந்தப் பயத்தை நாமும் உள்ளே இருந்து பார்க்கிறோம், அதனால்தான் சிரிப்பு வருகிறது.

கேள்வி: ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹானா காட்ஸ்பியின் 'நானெட்' நிகழ்ச்சியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சிரிப்பே இல்லை. இது எப்படி காமெடி?

என்னைக் கேட்டால், காமெடி எப்படி வேலை செய்கிறது என்று அதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி குறைவு. காட்ஸ்பி வளர்ந்த டாஸ்மேனியா மாநிலத்தில் 1997 வரை ஆண்களின் தன்பாலுறவு சட்டப்படி குற்றம், தன்பாலீர்ப்பாளரான அவர் அந்த வெட்கத்தோடுதான் வளர்ந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தன்னை ஆண் என்று நினைத்து அடிக்க வந்து, பெண் என்று தெரிந்ததும் விலகிப் போனதை முதலில் ஜோக்காகச் சொல்வார், அரங்கம் சிரிக்கும். பின்னால்தான் மிச்சத்தைச் சொல்கிறார்: அவன் திரும்பி வந்து அடித்தான், யாரும் தடுக்கவில்லை. ஜோக்குக்கு இறுக்கமும் அதை உடைக்கும் பஞ்ச்லைனும் போதும், கதைக்கு முடிவும் வேண்டும். இத்தனை காலம் சிரிப்புக்காக அந்த முடிவை வெட்டியே சொல்லி வந்ததால் தன் நினைவும் அங்கேயே நின்றுவிட்டது என்கிறார். முதலில் சிரித்தவர்களை அந்த இறுக்கத்தோடு அப்படியே உட்கார வைப்பதற்கு முழுத் தொழில் திறமையும் வேண்டும். 2017இல் எடின்பரோ நகைச்சுவை விருதைப் பகிர்ந்துகொண்டதும் இந்த நிகழ்ச்சிக்குத்தான்.

கேள்வி: மேடையில் கொட்டிவிட்டால் மனம் ஆறிவிடுமா?

அதை நம்பி ஏறாதீர்கள். அதற்கு மனநல ஆலோசகர் இருக்கிறார்.

கேள்வி: புதியவர்களும் ஏறிப் பேசலாம் என்ற ஓபன் மைக் மேடையில் ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது. அப்பாவின் குடியைப் பற்றிப் பேசலாமா?

பேசுங்கள், ஆனால் முதலில் நெருங்கிய நண்பரிடம் முழுக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் தொண்டை அடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ஏனென்றால் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பதறும் கூட்டம் சிரிக்காது. முதல் நிமிடத்தை வேறு விஷயத்துக்கு வைத்து இரண்டு சிரிப்பு வாங்கிவிட்டு அப்பாவிடம் வாருங்கள். அப்புறம், அதே வீட்டில் வளர்ந்த அக்காவோ தம்பியோ இருந்தால் மேடை ஏறும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தங்களைப் பற்றிய பகுதி வேண்டாம் என்றால் எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.