போலீஸ் புகார் இல்லாமல் சிகிச்சை தர மாட்டார்களா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கையை (வயது 22) நேற்று முன்தினம் இரவு தெரிந்தவன் ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான். தனியார் ஆஸ்பத்திரியில், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் குளித்துவிட்டாள். ஊரில் தெரிந்துவிடும் என்று புகார் கொடுக்கவும் பயப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: இதைப் படித்த கையோடு தங்கையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் தள்ளிப்போடக் கூடாது. உங்களைத் திருப்பி அனுப்பியது சுத்தத் தவறு. அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397-வது பிரிவு, மறுத்தால் ஓராண்டு வரை சிறை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் கொடுத்தே தீரும், அது அவர்கள் கடமை. அதற்காக உங்கள் தங்கை வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வேண்டாம் என்றால் அதை எழுதிக் கொடுத்துவிட்டுச் சிகிச்சை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் தடயப் பரிசோதனைக்கு அவர் சம்மதித்தால் நல்லது என்பேன், ஏனென்றால் மாதிரிகளை 96 மணி நேரம் வரைதான் எடுப்பார்கள், புகாரைப் பிறகும் கொடுக்கலாம். குளித்துவிட்டதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். இரு விரல் பரிசோதனை (பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-லேயே கண்டித்துச் சொல்லிவிட்டது, யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள்.

புகார் கொடுப்பதென்றால் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்புங்கள். விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும், பெயரை வெளியிடுகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை. ஊர் வாயைச் சட்டம் மூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பேப்பரிலோ வாட்ஸ்அப்பிலோ பெயர் வந்தால் கேஸ் போடலாம்.

அவன் வீட்டார் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, "கல்யாணம் பண்ணி வைத்துவிடலாம்" என்று வருவார்கள், எத்தனையோ கேஸில் பார்த்தாயிற்று. இந்தக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கை அரசு வக்கீல் நடத்துவார், ஃபீஸ் கிடையாது. துணைக்குத் தனி வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்குப் பேசுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். இழப்பீடும் அவர்கள் வழியாகத்தான். நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) திட்டத்தில் 4 முதல் 7 லட்சம் வரை உண்டு, தீர்ப்புக்கு முன்பே இடைக்காலத் தொகை கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குத் துணையாக வரவோ, தங்க இடத்துக்கோ, கவுன்சலிங்குக்கோ ஆள் வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், இந்த உதவிகளை ஒரே இடத்தில் தரும் அரசின் ஒன் ஸ்டாப் சென்டரோடு இணைத்துவிடுவார்கள்.