காலையில் மட்டும் வெள்ளைப் புகை விடும் 2016 எர்டிகா டீசல்: வாங்கலாமா?

புகை ஒரு நிமிடத்தில் நின்று, பிறகு வரவில்லை என்றால் அதற்காக மட்டும் வண்டியை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் கேட்ட விலையைக் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) ஒன்று சொட்டுகிறது. குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்காகவும் இருக்கலாம், ஆனால் கடலூர் வெயிலில் அதன் மேல் அவ்வளவு பழி போட முடியாது.

நாளைக் காலை விற்பவர் வீட்டில் சொல்லாமல் போய் நில்லுங்கள், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம் (நான் ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தேன், புகையே தெரியவில்லை). ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை அடிக்கிறதா பாருங்கள், அடித்தால் இன்ஜின் உள்ளே தேய்மானம், வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம்.

அப்புறம், புகையை விட எனக்குப் பயம் வெள்ளம். 2015-லும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் நம் பக்கம் எத்தனை வண்டிகள் மூழ்கின! சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், ஸ்டெப்னி குழியைத் தடவுங்கள். சேறு இருந்தால் திரும்பிவிடுங்கள்.

வண்டி பிஒய் நம்பர், அதாவது புதுச்சேரிப் பதிவு என்கிறீர்கள். கடலூருக்கு மாற்ற அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.