அடுப்படியில் நிற்பவருக்கு ஜெப நேரம் எப்போது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தினசரி ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குவது பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, உருக்காலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. எந்த நேரத்தை ஜெப நேரமாக வைப்பது? (வாசகர், சூரமங்கலம்)

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். எப்போது கண் விழிக்கிறீர்களோ அப்போது முகம் கழுவி, காப்பி குடிப்பதற்கு முன்னால், பத்து நிமிஷம். இரவு வேலை முடிந்து வந்து தூங்கி மதியம் இரண்டு மணிக்கு எழுந்தால் அதுதான் உங்களுக்குக் காலை. இராத்திரியில் வேலை பார்க்கிறவர்களை நினைத்து எழுதியது போலவே வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு சங்கீதம் இருக்கிறது, 134. "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்" ஊழியக்காரரைக் கூப்பிட்டுப் பேசுகிறது. மூன்றே வசனம். மனப்பாடம் செய்துகொண்டு இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சொல்லுங்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வதுதான் உங்களுக்கும்: எப்போது, எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் இல்லை)

என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை இருக்கிறதா, எதுவுமே எழுதவில்லை. ஒரு வரியில் கேட்டால் நானும் பொதுவாகத்தான் எதையாவது சொல்ல முடியும், அது உங்களுக்கு உதவாது. ஒரு வாரம், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை அந்தப் போனே காட்டும்; அதையும் எழுதுங்கள். தாளோடு மறுபடி கடிதம் போடுங்கள், உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

ஐயா, என் கணவர் தினமும் காலை ஐந்து முதல் ஆறு வரை கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறார். நான் எழுந்தால் நேரே அடுப்படிதான். இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, எட்டரைக்கு நானும் வேலைக்கு ஓட வேண்டும். "உனக்கு ஜெப வாஞ்சையே இல்லை" என்கிறார். எனக்கும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. (சகோதரி, அஸ்தம்பட்டி)

சகோதரி, உங்களுக்கு வாஞ்சை குறையவில்லை. உங்கள் வீட்டில் வேலைக்குக் கை குறைகிறது. குற்ற உணர்ச்சியை இன்றைக்கே கீழே வையுங்கள். இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். இனி அவரோடுதான் பேசுகிறேன்.

தம்பி, அந்த ஒரு மணி நேரத்தில் பால் காய்ச்சவும், தண்ணீர் பிடிக்கவும், பிள்ளைகளை எழுப்பவும் இன்னொருவர் நிற்பதால்தான் உங்களால் நிம்மதியாக முழங்கால் போட முடிகிறது. உங்கள் ஜெப நேரம் உங்கள் மனைவியின் நேரத்திலிருந்து எடுத்தது. அதை வாங்கிக்கொண்டு அவரையே குறை சொல்கிறீர்கள். 1 பேதுரு 3:7ஐ எடுத்து வாசியுங்கள். மனைவியோடு விவேகமாக வாழ்ந்து அவளுக்குரிய கனத்தைக் கொடுக்கச் சொல்லுகிற இடத்தில், அப்போஸ்தலர் காரணமும் சொல்கிறார்: "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு". மனைவியை நடத்துகிற விதத்தால் புருஷனுடைய ஜெபமே தடைபடலாம் என்று வேதம் சொல்கிறது. நான் பார்த்தவரை, புருஷர்கள் கூட்டங்களில் இந்த வசனத்தை எடுத்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் மாற்கு 7. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். கஞ்சி குடிக்கிறவர் உங்கள் அம்மா. ஜெபிக்கிறவர் நீங்கள். கஞ்சி காய்ச்சுகிறவர் யார்?

முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் பார்த்து வருத்தப்படுகிற விஷயம் இது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு ஒரு பிரசங்கியாரை அழைப்பார்கள். அவர், இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையில் ஓடிய மார்த்தாளையும் அவர் பாதத்தில் உட்கார்ந்த மரியாளையும் எடுத்துக்கொண்டு, "நீங்கள் அடுப்படியிலேயே கிடக்கிறீர்கள், ஆண்டவர் பாதத்தில் உட்காருவதில்லை" என்று பேசுவார். கூட்டம் முடிந்ததும் அதே பெண்கள் சமைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகள் பெற்றவர். பாதிக்குப் பாதி சிறு வயதிலேயே இறந்துபோயின. வீட்டில் தனியிடம் இல்லாமல் சமையல் ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இதைச் சொல்லிப் பெண்களை உற்சாகப்படுத்துகிற நாம், அந்த அம்மாளுக்கு ஒரு அறையும் அரை மணி நேரமும் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சரி, செய்ய வேண்டியது இது. ஐந்து முதல் ஐந்தரை வரை நீங்கள் ஜெபியுங்கள். ஐந்தரை முதல் ஆறு வரை அதே அறை உங்கள் மனைவிக்கு. அந்த அரை மணி நேரம் அடுப்பு, பால், பிள்ளைகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. உப்பு எங்கே, டிபன் பாக்ஸ் எங்கே என்று கதவைத் தட்டிக் கேட்காதீர்கள். அம்மாவுக்குக் கஞ்சி இனி நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். ஒரு மாதம் இப்படி நடத்திவிட்டு, யாருக்கு வாஞ்சை இருக்கிறது என்று பாருங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிற ஆசிரியை நான். பஸ்ஸில் ஜெபிப்பது கணக்கில் வருமா?

வரும். சுமார் முப்பது கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம்; பலருக்கு வீட்டில்கூட இவ்வளவு நேரம் கிடைக்காது. அடிவாரம் வரை ரோடு சமமாக இருக்கும், அதற்குள் வேதத்தை வாசித்துவிடுங்கள். மலை ஏறத் தொடங்கியதும் புத்தகத்தையும் போனையும் பையில் போட்டுவிடுங்கள், தலை சுற்றும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் உங்கள் வகுப்பில் இருபது பிள்ளைகள், வளைவுக்கு ஒரு பெயராக வைத்து ஜெபியுங்கள். இறங்கும்போது மீதிப் பிள்ளைகள். நாற்பது பேர் வகுப்பென்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று தொடங்கும் 121ஆம் சங்கீதம் எட்டே வசனம், மனப்பாடமாக இருந்தால் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொல்லலாம்.

இதே கேள்வியை இரண்டு சக்கர வண்டியில் போகிற ஒரு தம்பியும் கேட்டிருக்கிறார். கண்ணைத் திறந்து, ஹெல்மெட் போட்டு, காதில் எதையும் மாட்டாமல் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள்.

போனில் வேதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். ஆனால் வாசித்து முடிப்பதற்குள் நாலு மெசேஜ் வந்துவிடும், ஒன்றைத் திறந்தால் போச்சு. அச்சிட்ட வேதாகமம் வீட்டில் இருந்தால் அதை எடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள்.

சேர்வராயன் மலையில் சின்னக் காப்பித் தோட்டம். பழம் பறிக்கிற மாதங்களில் காலையில் ஆட்களோடு போய்விடுகிறோம், பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் (பழத்தோலை நீக்கும் இயந்திரம்) போட்டாக வேண்டும், ராத்திரி ஆகிவிடுகிறது. அந்த மாதங்களில் ஜெபம் அடியோடு நின்றுவிடுகிறது. (ஒரு குடும்பம்)

பழத்தை அப்படியே வைத்தால் புளித்துப் பாழாகிவிடும் என்பது எனக்கும் தெரியும், அதனால் சாயங்காலத்தைக் கேட்கவில்லை. அந்த மாதங்களுக்கு ஜெபத்தைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்றபடி எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், அதாவது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இந்த ஜெபத்தை நாளைக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது ஆதித் திருச்சபையின் திதாகே என்ற கைநூல். அதன்படி மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள். யாத்திராகமம் 34:21 ஏழாம் நாள் ஓய்வைச் சொல்லும்போது, "விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக" என்று சேர்த்தே சொல்கிறது. உங்கள் ஆட்களுக்கும் அந்த ஓய்வு உண்டு. சனிக்கிழமை பறிக்கும் அளவைக் குறைத்தால் அன்றைக்கே பல்பர் வேலை முடிந்துவிடும்.

கொலுசுப் பட்டறையில் வேலை. உருப்படிக் கணக்கில் கூலி என்பதால் கையை எடுக்க முடியாது. (செவ்வாய்ப்பேட்டை)

கை வேலை செய்யட்டும். எகிப்து வனாந்தரத்துத் துறவிகள் பாயும் கயிறும் பின்னிக்கொண்டேதான் ஜெபித்தார்கள். அவர்களோடு வாழ்ந்து, ஐந்தாம் நூற்றாண்டில் அதை எழுதிவைத்த காசியன் என்ற துறவி, அவர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தையும் குறிக்கிறார். நம் வேதாகமத்தில் அது சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பற்றவைக்கிற நேரத்தில் மட்டும் கவனம் முழுக்க நெருப்பில் இருக்கட்டும். இது போக, எழுந்ததும் ஐந்து நிமிஷமாவது தனியாக உட்காருங்கள். எப்போது, எங்கே என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

நாலு மணிக்கு எழாதவன் ஆவிக்குரியவன் இல்லை என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. இராமுழுதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. தானியேல் நாளைக்கு மூன்று வேளை. ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கிறவர் நாலு மணிக்கு எழுந்தால் பகலெல்லாம் எரிந்துவிழுவார். சீக்கிரம் படுக்க முடிந்தால் சீக்கிரம் எழுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். அரை மணி நேரம்தான் வைக்கிறோம். (தாயார், ஆத்தூர்)

அரை மணி நேரம் அதிகம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் போதும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பிள்ளைகளே வாசிக்கட்டும்; 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம், அதிலிருந்து தொடங்குங்கள். இன்னொன்று, "ஆண்டவரே, கணக்கில் மார்க் குறைந்த இந்தப் பையனுக்குப் புத்தி கொடும்" என்று பையனுக்கு முன்னால் ஜெபிக்காதீர்கள். அது அவனைத் திட்டுவது, அவனுக்கும் அது தெரியும். போன்கள் எல்லாம், உங்களுடையதும் சேர்த்து, வேறு அறையில்.

நான் கத்தோலிக்கர். செபமாலையைப் பத்துப் பத்து மணியாகப் பிரித்து நாள் முழுவதும் சொல்லலாமா?

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரன், ஆனாலும் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அப்படித்தான் சொல்கின்றன. சொல்லுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

படுத்துக்கொண்டே ஜெபிக்கலாமா?

தாராளமாக. சங்கீதம் 63:6 படுக்கையில் செய்கிற தியானம்தான். பாதியில் தூங்கிப்போனால் பயப்படாதீர்கள். அன்றைக்கு அது ஒன்றுதான் உங்கள் ஜெபம் என்றால், நாளைக்கு அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றுங்கள்.