முயல் அடைப்புக்குள் புதர் வளர மாட்டேன் என்கிறதா?

கேள்வி: நாற்பதடிக்கு அறுபதடி இடத்தைக் கம்பிவலை போட்டு அடைத்து, பத்துப் பெண் முயல்களைத் தரையிலேயே விட்டிருக்கிறேன். வெயிலுக்கும் பருந்துக்கும் ஒதுங்கிக்கொள்ள அடர்த்தியான புதர் வேண்டுமென்று மூன்று முறை கன்று நட்டேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இலை, பட்டை எல்லாம் போய்க் குச்சிதான் மிச்சம். முயல் வாயே வைக்காத செடி ஏதாவது இருக்கிறதா?

பதில்: வாயே வைக்காத செடியைத் தேடிப் போனால் பெரும்பாலும் விஷச்செடியில்தான் போய் நிற்பீர்கள். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி இவற்றை அடைப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். அடைபட்ட முயல் பொழுதுபோகாமலேயே எதையும் கடித்துப் பார்க்கும். ஆடு தொடாது என்று பெயரிலேயே சொல்லும் ஆடாதோடையும் வேண்டாம். அதன் இலைச்சத்துக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் உண்டு. பின்னால் சினைக்கு விடுவதாக இருந்தால் எதற்கு வம்பு?

உங்கள் செடித் தேர்வில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முயல் இருக்கும் இடத்தில் கன்று நட்டதுதான் தவறு. ஆகவே முதல் வேலை, இடத்தை நடுவில் ஒரு வலை போட்டு இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியில் முயல் இருக்கட்டும். மறு பாதியில் செடி வளரட்டும், ஒரு மழைக்காலம் முழுக்க.

அதுவரை முயல்கள் வெயிலில் கிடக்க வேண்டாம். காய்ந்த கிளைகளே நல்ல புதர்தான். அடியில் கனமான கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே சிறு கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இடுப்பளவு அடுக்குங்கள். முயல் நுழைய அரையடி அகலத்தில் குறைந்தது இரண்டு வழி இருக்கட்டும். ஒரே வழி என்றால், கீரி உள்ளே புகுந்தால் முயல் தப்ப இடமில்லை. ஒரு பெரிய குவியலைவிடச் சிதறலாக மூன்று சிறிய குவியல்கள் மேல். பயந்த முயல் நான்கு பாய்ச்சலில் மறைவுக்குள் போய்விட வேண்டும்.

இனி செடிக்கு வருவோம். மறைவுக்கு வெட்டிவேரும் நொச்சியும், தீனிக்கும் நிழலுக்கும் முசுக்கொட்டையும் (மல்பெரி) என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டிவேர்த் தூர்களை அரையடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் முன்பின்னாக நட்டால் தூர் கட்டி ஆளுயரத்துக்கு அடைத்துக்கொள்ளும். இளங்குருத்தைக் கடித்தாலும் முற்றிய தாளை முயல் அவ்வளவாக விரும்பாது. நொச்சியைப் போத்தாகவே, அதாவது வெட்டிய குச்சியாகவே, நடலாம். ஆடுமாடு பெரும்பாலும் ஒதுக்கும் செடி அது. முசுக்கொட்டை முயலுக்கு அல்வா மாதிரி. ஆனால் வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதால் நமக்கு உதவும். இடுப்பளவு வந்ததும் ஓரடி விட்டு வெட்டிவிடுங்கள். அடியிலிருந்தே பல கிளை வெடித்துப் புதராகும். மனசு கேட்காமல் விட்டுவிட்டால் நெடுநெடுவென்று மரமாகிப் போகும். அப்புறம் கீழே மறைவு எங்கே?

முயலைத் திறந்துவிடுவதற்கு முன் முசுக்கொட்டைத் தண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டடி உயரத்துக்குச் சிறுகண் வலையைச் சுற்றுங்கள். முயல் பின்னங்காலில் எழுந்து நின்று பட்டை உரிக்கும். பட்டை வட்டமாகப் போய்விட்டால் மரம் பட்டதுதான். தண்டு பருக்கப் பருக்க வலையைத் தளர்த்தவும் மறக்காதீர்கள்.

புல்லுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நான்கு பலகையில் அரையடி உயரச் சட்டம் அடித்து, மேலே அரையங்குலக் கண் உள்ள வலையை இழுத்துக் கட்டிப் புல்மேல் வைத்துவிடுங்கள். வலைக்கு மேல் வரும் நுனியை முயல் மேயும், தூர் பிழைத்துக்கொள்ளும். கண் பெரிதானால் கால் மாட்டிக்கொள்ளும், கவனம். இதேபோலச் சங்குப்பூவை வேலிக்கு வெளியே நட்டு உள்பக்கம் படரவிடலாம். எட்டுகிற இலையைத் தின்றாலும் வேர் வெளியே பத்திரமாக இருக்கும். கொடியின் பாரம் தாங்கும் கம்பம் மட்டும் வேண்டும். விதை வயிற்றைக் கலக்கும் என்பதால் காய் பிடித்ததும் பறித்துவிடுங்கள்.

மற்றபடி புதர்களை வேலியை ஒட்டி வைக்காமல் உள்ளே தள்ளியே வையுங்கள். வேலியோரப் புதரில் முயல் குழி பறித்தால் நம் கண்ணில் படாது. வலை ஓரடி மண்ணுக்குள் இறங்கி, அங்கிருந்து இன்னும் ஓரடி உள்பக்கமாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே செய்துவிடுங்கள். செடி வளர்ந்தபின் தோண்டுவது கொடுமை. சங்குப்பூ தவிர வேலிக்கு வெளியே மூன்றடி சுத்தமாக இருந்தால் பாம்பும் எலியும் வந்தால் தெரியும்.

செடி நிமிர்ந்ததும் முயல்களை அந்தப் பாதிக்கு மாற்றி, தின்று தீர்ந்த பாதியை ஆறப்போடுங்கள். இது செடிக்காக மட்டுமல்ல. முயல்கள் ஒரே புதரடியில் ஒண்டி ஒண்டிப் புழுக்கை சேரும். அங்கே ஈரமும் நின்றால் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். குட்டிகளைத்தான் அது முதலில் வீழ்த்தும். எந்தக் குட்டியாவது வயிறு உப்பி, கழிந்து, தீனி எடுக்காமல் சுருண்டிருந்தால் அன்றைக்கே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதரடியை வாரம் ஒருமுறை கூட்டி அள்ளுங்கள். அள்ளியதை மட்கவைத்து வெட்டிவேருக்கே போடலாம்.