கரையில் எதையோ தின்றுவிட்டது!

கேள்வி: அக்கா, எங்கள் நாய் பிரவுணிக்கு இரண்டு வயது. நேற்று உப்புவெளிக் கரையில் கரைவலைக்காரர் கழித்துப் போட்டதில் எதையோ தின்றது. இரவிலிருந்து மூன்று தடவை சத்தி, வயிற்றோட்டமும் போகிறது. வாலை ஆட்டுகிறது, சாப்பாட்டைத்தான் மணந்துவிட்டுத் திரும்புகிறது. பனடோல் பாதி கொடுக்கலாமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம் தங்கச்சி. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். நமக்கு வயிற்றோட்டம் நிற்கத் தரும் குளிசையையும் தொடாதீர்கள்.

கழித்துப் போட்டதில் பேத்தை மீன் கிடந்ததா? அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. தின்ற நாய்க்கு வீணீர் வடியும், கால் தள்ளாடும், மூச்சு இழுக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இரவு தாண்டியும் பிரவுணி வாலாட்டுவதால் அதுவாக இராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் நடை தள்ளாடினால், இரத்தம் கண்டால், தண்ணீரும் வயிற்றில் தங்காவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள். இல்லாவிட்டாலும் இன்று பின்னேரத்துக்குள் காட்டிவிடுவது நல்லது. அதுவரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். சத்தி நின்ற பிறகு குழைந்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழியும் ஒரு பிடி போதும். உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம்.

எங்கள் ஜிம்மிக்கு இப்படி வந்தபோது முற்றத்தை மூன்று வாளி தண்ணீர் ஊற்றிப் பளபளவென்று கழுவிவிட்டுத்தான் மிருக வைத்தியரிடம் ஓடினேன். "என்ன நிறத்தில் போனது?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன், இவர் ஜிம்மியைப் பார்த்தார். கறுப்பாகத் தார் போலப் போனால் இரத்தம் இரைப்பைப் பக்கமிருந்து வருகிறது, சிவப்பாகப் போனால் பெருங்குடல் பக்கமிருந்து என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே கழுவ முன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். புதிதாகப் போனதில் கொஞ்சத்தை மூடியுள்ள ஜாம் போத்தலில் போடுங்கள். எப்போது தின்றது, எத்தனை தடவை சத்தி, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, இவற்றைக் கடதாசியில் எழுதுங்கள். அங்கே போனதும் பாதி மறந்துவிடும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாவோ என்பது கடும் சத்தியும் வயிற்றோட்டமும் தரும் நாய் நோய்; அதற்கு ஊசி போடாத நாய் என்றால் வைத்தியருக்கு அது முக்கியம்.

உதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிந்தினாலோ, முரசு வறண்டு ஒட்டினாலோ பின்னேரம் வரை வைத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஓட்டோவில் பழைய சாரம் ஒன்று விரியுங்கள். ஓட்டோக்காரத் தம்பிக்கு ஏறுமுன்னே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பாவம்.