ஞாயிறு பள்ளியில் ஒரு கேள்வி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். கணிதம் படித்தவள். எங்கள் சபையில் ஏழு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். சென்ற மாதம் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். பூமி படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று இரண்டு மணி நேரம் படங்களுடன் விளக்கினார். அவர் சொன்னவற்றில் மூன்று எனக்குப் புதியவை. அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980க்குப் பிறகு உருவான பாறையை ஆய்வகத்தில் கொடுத்தபோது, அதன் வயது மூன்றரை லட்சம் ஆண்டு என்று முடிவு வந்ததாம். பத்து வயதுப் பாறையையே இப்படித் தப்பாக அளப்பவர்கள் பூமியை எப்படி அளப்பார்கள் என்று கேட்டார். அடுத்து, கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள அரியலூரில் கடற்சிப்பிகள் கிடைப்பது நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்குச் சாட்சி என்றார். கடைசியாக, ஆதாமை வளர்ந்த ஆளாகவே படைத்த கர்த்தர், பூமியையும் பழையது போன்ற தோற்றத்துடனேயே படைத்திருக்கலாம் என்றார்.

முடிவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மாணவன் எழுந்து, "பள்ளிப் புத்தகத்தில் 460 கோடி ஆண்டு என்று இருக்கிறதே, பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டான். "அவர்கள் கேட்பதை எழுது, மனதில் இதை வைத்துக்கொள்" என்றார் அவர். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பதில் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது. விசுவாசத்தை விட்டுவிட நான் தயாராக இல்லை. அதே நேரம், எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை அவனுக்குச் சொல்லவும் மனம் வரவில்லை. நீங்கள் நிலவியல் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். பதில் எழுதுவீர்களா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையன் கேட்டது மிக நல்ல கேள்வி. அவனுக்குச் சொல்லப்பட்ட பதில் எனக்கும் உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் செயின்ட் ஹெலன்ஸ், ஏனென்றால் அந்த வாதம்தான் கேட்பவரை உடனே வாயடைக்க வைக்கிறது.

அந்த அளவீடு நடந்தது உண்மை. அதைச் செய்தவர் ஸ்டீவன் ஆஸ்டின், இளம்பூமிக் கொள்கையை ஏற்ற நிலவியலாளர். எரிமலை வெடித்த பிறகு 1980 முதல் 1986 வரை அதன் வாய்க்குள் திரண்டு இறுகிய பாறைக்குவியலிலிருந்து 1992இல் ஒரு துண்டை எடுத்தார். பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளக்கக் கொடுத்தார். மூன்றரை லட்சம் ஆண்டு என்று வந்தது. 1996இல் அதை வெளியிட்டார்.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று உங்கள் சபையில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். பாறையில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு பொட்டாசியம்-40 என்ற வகை. அது மெல்ல மெல்லச் சிதைகிறது. அதில் பாதி சிதைவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகும். நீங்கள் கணிதம் படித்தவர், மீதியை நீங்களே கணக்கிட்டுவிடலாம். நூறு கோடி பொட்டாசியம்-40 அணுக்கள் இருந்தால், பத்து ஆண்டுகளில் சிதைபவை ஐந்தோ ஆறோதான். அந்த ஐந்தாறிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆர்கான் வாயுவாக மாறும், மற்றவை கால்சியமாகிவிடும். பாறைக்குள் அப்படிச் சேர்ந்த ஆர்கானை அளந்துதான் வயதைக் கணக்கிடுகிறார்கள். பத்து வயதுப் பாறையில் தேட வேண்டிய ஆர்கான் அவ்வளவுதான். லாரி எடைமேடையில் ஒரு மூக்குத்தியை வைத்து எடை பார்ப்பது போன்றது இது. மேடையில் ஒட்டியிருக்கும் மண்ணின் எடையே மூக்குத்தியை விட அதிகமாக இருக்கும். அளந்து கொடுத்த ஆய்வகம், இருபது லட்சம் ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுள்ள பாறைகளை அளக்கும் வசதி தன்னிடம் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது.

எடைமேடையில் ஒட்டிய மண் என்றேனே, பாறையிலும் அப்படி ஒன்று உண்டு. எரிமலைக் குழம்பு ஒரே சீரான திரவம் அல்ல. பூமிக்குள்ளேயே முன்பே உறைந்த படிகங்கள் அதில் மிதந்து வரும். அவற்றுக்குள் பழைய ஆர்கான் சிக்கியிருக்கும். ஆஸ்டின் அதே பாறையின் கனிமங்களைப் பிரித்துத் தனித்தனியாகவும் அளக்கச் செய்தார். ஒன்று மூன்றரை லட்சம் என்றது, இன்னொன்று 28 லட்சம் என்றது. ஒரே கல்லின் பகுதிகள் இப்படி வெவ்வேறு வயது காட்டினால், உள்ளே கலப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நிலவியலாளர்கள் அந்த முடிவைக் கண்டதும் வயதென்று ஏற்காமல் ஒதுக்கிவிடுவார்கள். ஆஸ்டின் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. அதையும் உங்கள் பேச்சாளர் சொல்லியிருக்க வேண்டும். இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்துப் பொம்பெய் நகரைப் புதைத்தது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி கண்ணால் கண்டு கடிதமாகவே எழுதி வைத்ததால் ஆண்டில் சந்தேகமில்லை. அமெரிக்க நிலவியலாளர் பால் ரென்னும் அவருடைய குழுவினரும் அந்த வெடிப்பில் விழுந்த நுரைக்கல்லிலிருந்து படிகங்களைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம்-ஆர்கான் முறையின் மேம்பட்ட வடிவமான ஆர்கான்-ஆர்கான் முறையில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். அந்தப் படிகங்களிலும் பழைய ஆர்கான் கொஞ்சம் சிக்கியிருந்தது. படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் வெளிவந்த வாயுவைத் தனியாக அளந்து, பழைய ஆர்கான் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழித்தார்கள். கிடைத்த விடை 1925 ஆண்டுகள், 94 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்புடன். வெடித்து அப்போது உண்மையில் ஆகியிருந்தவை 1918 ஆண்டுகள். ஏழு ஆண்டு வித்தியாசம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ரோமானியர் தன் கண்ணால் கண்டதும், மணல்மணி போன்ற ஒரு படிகத்துக்குள் சிக்கியிருந்த வாயுவும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே சாட்சி சொல்கின்றன.

அணுச்சிதைவின் மீதே நம்பிக்கை இல்லை என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜப்பானின் சுய்கெட்சு ஏரியைச் சொல்வேன். அங்கே அணுவை அறியாதவரும் விரல் விட்டு எண்ணலாம். வெயில் காலத்தில் பாசியும் நுண்ணுயிர்களின் எச்சமும் படிந்து கருமையான அடுக்கு உண்டாகிறது, குளிர்காலத்தில் தூசியும் கனிமங்களும் படிந்து வெளிறிய அடுக்கு. பெரிய ஆறு எதுவும் நேராக வந்து கலக்குவதில்லை. அடியாழத்தில் பிராணவாயு இல்லாததால் சேற்றைக் கிளறும் புழு பூச்சியும் இல்லை. ஓர் ஆண்டின் கறுப்பும் வெளுப்பும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இப்படி 45 மீட்டர் ஆழத்துக்கு, சுமார் 70,000 ஆண்டுகளின் அடுக்குகள் இருக்கின்றன. ஏரிக்கரையில் ஓர் அருங்காட்சியகத்தில் அந்த 45 மீட்டரையும் மெல்லிய தகடுகளாகச் சீவி வரிசையாக வைத்திருக்கிறார்கள். அடுக்குகளுக்கிடையே விழுந்து கிடந்த மர இலைகளைக் கார்பன் முறையில் அளந்தபோது, ஆழம் கூடக்கூட அவற்றின் வயதும் கூடிக்கொண்டே போனது. இது 2012இல் வெளிவந்தது.

பிரளயம் கி.மு. 2348இல் நடந்தது என்பது ஆறாயிரம் ஆண்டுக் கணக்கின் ஒரு பகுதி. அப்படியானால் அந்த ஏரியில் இந்த நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஆண்டுக்குப் பதினாறு வெயில் காலமும் பதினாறு குளிர்காலமும் வந்திருக்க வேண்டும். நடுவில் உலகையே மூடிய ஒரு வெள்ளம் அந்தச் சேற்றைத் தொடாமல் போயிருக்க வேண்டும்.

இனி அரியலூர். சில ஆண்டுகளுக்கு முன் கல்லங்குறிச்சிப் பக்கம் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்த ஒரு பெரியவர் என் கையில் ஒரு சிப்பியைத் திணித்தார். அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கிரைஃபியா என்ற சிப்பி வகை, உள்ளங்கை அளவு, கல்லாகிக் கனக்கிறது. முதுகில் வளையம் வளையமாக வளர்ச்சிக் கோடுகள். கோடுகளுக்குக் குறுக்கே, குண்டூசியால் குத்தியதுபோல வரிசையாகத் துளைகள். கடற்பஞ்சு உயிரிகள் குடைந்தவை அவை. சிப்பியின் உட்புறத்தில், அதாவது உயிரோடிருந்தபோது சதை இருந்த இடத்தில், விரல் நகமளவு குட்டிச் சிப்பி ஒன்று ஒட்டி வளர்ந்திருக்கிறது. சிப்பி பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. செத்து, சதை அழுகி, ஓடு திறந்து கடல்தரையில் கிடந்திருக்கிறது. பிறகு இன்னொன்று வந்து உள்ளே குடியேறி வளர்ந்திருக்கிறது. அதற்கும் பிறகுதான் மண் மூடியிருக்கிறது. இது ஒரு சிப்பியின் கதை. அந்தச் சுரங்கத்தின் சுவர் முழுக்கச் சிப்பிகள்தான், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஓராண்டு வெள்ளம் புரட்டிக் கொட்டிய குப்பை இப்படி இருக்காது. கடல் அங்கே இருந்தது என்று உங்கள் பேச்சாளர் சொன்னது மிகச் சரி. அது வந்துபோன வெள்ளமாக இல்லாமல், சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் நெடுங்காலம் நிலைத்திருந்த கடலாக இருந்தது.

இதையெல்லாம் விசுவாசத்துக்கு எதிரியாக யாரோ கிளப்பிவிட்டது போலத்தான் உங்கள் பேச்சாளர் பேசியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. வரலாறு நேர்மாறானது. ஆதாம், சேத் என்று தொடங்கும் வம்ச வரலாற்றின் வயதுகளைக் கூட்டி கி.மு. 4004 என்று கணக்கிட்டவர் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650இல். அவர் பெரும் படிப்பாளி, தன் காலத்துக்கு நேர்மையாக உழைத்தவர். ஆனால் அந்த எண் வேதாகமத்தின் எந்த வசனத்திலும் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே வயதுகள் வேறு. அதன்படி கூட்டினால் சிருஷ்டிப்பு கி.மு. 5500ஐ ஒட்டிப் போகிறது. எந்தக் கூட்டலுக்கு விசுவாசத்தை அடகு வைப்பது?

கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியராக இருந்த ஆடம் செட்ஜ்விக் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். ஐரோப்பா எங்கும் பரவிக் கிடந்த சரளைக்கல் படிவுகள் நோவாவின் வெள்ளம் விட்டுச் சென்றவை என்று நம்பினார், கற்பித்தார். ஊர் ஊராகப் போய்ப் பாறைகளைப் பார்த்தபோது அவை ஒரே காலத்தவை அல்ல என்று தெரிந்தது. 1831இல் லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவர் பதவியிலிருந்து இறங்கும் நாளில், அத்தனை பேர் முன்னிலையில், நான் நம்பியதும் பரப்பியதும் தவறு, அதை இப்போது பகிரங்கமாகத் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்தார். சாகும்வரை குருவாகவே இருந்தார். பின்னாளில் டார்வினை ஏற்காமல் சண்டையும் போட்டார். அவரை நான் பெரிய மனிதராக நினைக்கிறேன்.

பரிணாமத்தை எதிர்த்து 1925இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, ஆதியாகமத்தின் நாட்கள் நெடிய காலங்களாக இருக்கலாம் என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். இன்று உங்கள் சபைக்கு வந்து சேர்ந்திருக்கும் வடிவம், 1961இல் அமெரிக்காவில் ஓர் இறையியலாளரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து எழுதிய நூலுக்குப் பிறகுதான் பெரிதாகப் பரவியது. உங்கள் பாட்டியின் விசுவாசத்தைவிட இளையது அது.

பழையதாகவே படைத்திருக்கலாமே என்ற மூன்றாவது வாதத்தை 1857இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற பக்திமானான இயற்கையியலாளர் முழு நூலாகவே எழுதினார். அதை அளந்து மறுக்க முடியாது, நேற்று மாலைதான் நம் நினைவுகளோடு உலகம் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னாலும் மறுக்க முடியாது. அவருடைய நண்பரான சார்லஸ் கிங்ஸ்லி, அவரும் குருவானவர்தான், வருந்தி அவருக்கு எழுதினார்: கடவுள் பாறைகளின் மேல் இவ்வளவு பெரிய, தேவையே இல்லாத பொய்யை எழுதிவைத்திருக்கிறார் என்று என்னால் நம்ப முடியாது என்று. என் மேசைச் சிப்பிக்குள் இருக்கும் குட்டிச் சிப்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வரும். வாழாத உயிரின் வளர்ச்சிக் கோடுகளை, சாகாத சிப்பிக்குள் குடியேறிய குட்டியை, உங்கள் கர்த்தர் வரைந்து வைத்திருப்பார் என்று நீங்கள் நம்புகிறீர்களா? நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பையனிடம் வருகிறேன். பரீட்சையில் ஒன்றை எழுது, மனதில் வேறொன்றை வை என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொன்னவர், தன்னை அறியாமலே அவனுக்குப் பொய் எழுதப் பழக்குகிறார். எந்த எண்ணை அவன் நம்பினாலும் இது அவனைக் கெடுக்கும். அவன் எழுந்து கேட்டதற்குக் காரணமே, அவனால் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான். அந்தக் கூச்சத்தை அவன் இழந்துவிடக் கூடாது. வரும் ஞாயிறு அவனிடம், "நீ கேட்டது நியாயம். உன் புத்தகத்தில் இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது, நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். செட்ஜ்விக் பற்றியும் சொல்லுங்கள். குருவானவர் ஒருவர் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, நான் சொன்னது தவறு என்றார் என்பது அவனுக்குத் தெரியட்டும்.

முகவரி அனுப்புங்கள். சிப்பியைப் பஞ்சில் சுற்றித் தபாலில் அனுப்பி வைக்கிறேன். அவன் கையில் கொடுத்து, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டிச் சிப்பி இடது ஓரத்தில் இருக்கிறது. முதலில் கண்ணில் படாது.

அன்புடன்